நடக்கும் சாமந்தி: ரீஃப் டேங்கில் அனிமோனைக் காலூன்ற வைப்பது எப்படி?

ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், பவளமும் கடல் மீனும் வளர்க்கும் என் ரீஃப் டேங்க் (உப்புநீர்த் தொட்டி) முழுக்கப் பாலை ஊற்றியதுபோல் இருந்தது. முந்தின இரவு பாறை மேல் விரிந்து நின்ற அனிமோன், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்பின் சல்லடைக்குள் நார் நாராகக் கிழிந்து கிடந்தது. இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று மல்லாந்திருந்தது. வாங்கி நாலே நாள். “செடி மாதிரிதான் அண்ணே, வெச்ச இடத்துலயே இருக்கும்” என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள்.

அனிமோனுக்குத் தமிழில் கடல் சாமந்தி என்று பெயர்; பெயரில்தான் பூ இருக்கிறது. உண்மையில் அது விலங்கு, பவளங்களுக்கு நெருங்கிய சொந்தம். அடியில் ஒரு தட்டையான பாதம் உண்டு. வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாதத்தை நகர்த்தி நகர்த்திக் கிளம்பிவிடும். நாம் செய்யக்கூடியது இரண்டுதான். அதற்குப் பிடித்த மாதிரி ஓர் இடம் அமைத்துத் தர வேண்டும். அதைத் தேடி அலையும்போது அடிபடாமல் இருக்க மற்ற இடங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டாவது வேலையை முதலில் முடியுங்கள்.

1. வாங்கும் முன்பே பம்புகளுக்கு உறை போடுங்கள்

வேவ்மேக்கர், பவர்ஹெட் (இதுவும் நீரோட்டம் தரும் பம்புதான்), தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ வாய், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் டேங்குக்குள்ளேயே இருந்தால் அதன் உறிஞ்சு வாய் என எதையும் விடாதீர்கள். பெரிய துளையுள்ள ஸ்பாஞ்சையோ பிளாஸ்டிக் வலையையோ சுற்றி, நைலான் டை போட்டு இறுக்குங்கள். கம்பி வலை வேண்டாம், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். ஸ்பாஞ்சில் அழுக்கு அடைத்தால் நீரோட்டம் குறைந்துவிடும். வாரம் ஒரு முறை கழற்றி அலச வேண்டும். அலுப்பான வேலைதான். நான் அலுத்துக்கொண்டதன் பலன்தான் மேலே சொன்ன கதை.

ஹீட்டர் இருந்தால் அதற்கும் உறை போடுங்கள். சென்னை வெயிலில் அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும், கழற்றியே வைத்துவிடலாம்.

2. டேங்குக்கு வயதாகட்டும்

ஆறு மாதமாவது ஓடிய டேங்க் வேண்டும், ஒரு வருடம் என்றால் நிம்மதி. புது டேங்கில் அளவுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மீன் தாங்கும், அனிமோன் தாங்காது. கொள்ளளவு 150 லிட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். உப்பு அடர்த்தி 1.025 அல்லது 1.026, இதை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) பாருங்கள், மிதவைக் கருவியை நம்பாதீர்கள். பி.எச். 8.1 முதல் 8.4 வரை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் கொஞ்சம் இருக்கலாம், 10 பி.பி.எம்.மைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மே மாதத்துக்கு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது என்பது என் கருத்து. சிலர் ஃபேன் வைத்து இரண்டு மூன்று டிகிரி இறக்குவார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட உப்புத் தண்ணீரை ஊற்றினால் அடர்த்தி எகிறும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அந்த ஆர்.ஓ. தண்ணீரிலும் ஒரு விஷயம். செம்பு சேர்த்துத் தருவதாகச் சொல்லி வீட்டுக் கருவிகள் இப்போது நிறைய விற்கின்றன. குடிக்க எப்படியோ, முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குச் செம்பு விஷம். மீன் நோய்க்குச் செம்பு மருந்து போட்ட பழைய டேங்கையும் பாறைகளையும் அனிமோனுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

3. எதை வாங்குவது?

தொடக்கக்காரர்களுக்கு பபிள் டிப் அனிமோன். வாயைச் சுற்றியுள்ள விரல் போன்ற நீட்சிகளின் நுனி குமிழ்போல உப்பியிருப்பதால் இந்தப் பெயர். சில டேங்குகளில் குமிழ் மறைந்து விரல் நீளமாகிவிடும், அதனால் கெடுதல் இல்லை. இது பாறை இடுக்கில் பாதத்தை ஒளித்துக்கொள்ளும் இனம். நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற கார்பெட் அனிமோன் மணலில் பாதம் புதைக்கிற இனம். அரை மீட்டருக்கு மேல் விரியும், கிட்டே வருகிற மீனையும் தின்னும். முதல் அனிமோனாக அது வேண்டவே வேண்டாம்.

வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதத்தில் கிழிசல் இல்லையா என்று பாருங்கள். பளீரென்ற வெள்ளை நிறத்தில் இருந்தால், அழகாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். உடலுக்குள் வாழ்ந்து ஒளிச்சேர்க்கை செய்து சோறு போடும் நுண்பாசிகளை இழந்த அனிமோன் அது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் என்றால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். யாராவது வீட்டு டேங்கில் பிளந்து இரண்டானது கிடைத்தால் அதுதான் அதிர்ஷ்டம். டேங்க் வாழ்க்கை அதற்கு ஏற்கெனவே பழக்கம்.

4. டேங்கில் விடும் நாள்

முதலில் பாறையில் ஓர் இடுக்கு தேர்ந்தெடுங்கள். பாதம் நுழைகிற ஆழம் வேண்டும், விரல்கள் வெளிச்சத்தை எட்ட வேண்டும். சுற்றிலும் 15 சென்டிமீட்டருக்குள் பவளம் எதுவும் இருக்கக் கூடாது, தொட்டால் அனிமோன் அதைக் கொட்டிவிடும்.

பையை டேங்கில் அரை மணி மிதக்கவிடுங்கள். பிறகு சிறு குழாயில் டேங்க் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேருங்கள். பையின் தண்ணீரை டேங்கில் ஊற்ற வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, பம்புகளை நிறுத்தி, பாதம் கீழே இருக்கும்படி இடுக்கில் வையுங்கள். பாதம் பிடிக்க அரை மணியோ ஒரு மணியோ ஆகும். அதன்பின் பம்பை மெதுவான வேகத்தில் போடுங்கள். வெளிச்சத்தை முதல் வாரம் பாதியாகக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

5. நடக்க ஆரம்பித்தால்

விடுங்கள். புது வீட்டுக்குப் போனால் நாமும் கட்டிலை நாலு இடம் மாற்றிப் பார்ப்பதில்லையா? கண்ணாடியில் ஏறும், பாறைக்குப் பின்னால் மறையும், இரண்டு நாள் கண்ணிலேயே படாது. அதைத் தேடிப் பாறையைக் கலைப்பதும், பிடுங்கி “நல்ல” இடத்தில் வைப்பதும்தான் புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு. தொடத் தொட அது இன்னும் அலையும்.

பம்பை நெருங்கினால் மட்டும் தலையிடுங்கள், முதலில் பம்பை நிறுத்திவிட்டு. கண்ணாடியில் இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைப் பாதத்தின் ஓரத்தில் பொறுமையாக நுழைத்து விடுவிக்கலாம். பாறையில் இருந்தால், பையில் கட்டிய ஐஸ் துண்டைப் பாதத்தின் அருகே பிடித்தால் குளிர் பொறுக்காமல் தானே விட்டுவிடும். அதுவும் நடக்கவில்லை என்றால் பாறையோடு தூக்குங்கள். இழுத்தால் பாதம் கிழியும், கிழிந்த பாதம் ஆறுவது கஷ்டம்.

6. சாப்பாடு

வாரம் ஒன்றிரண்டு முறை, மசாலா படாத இறால் சுண்டுவிரல் நகம் அளவு. இடுக்கியில் பிடித்து விரல்களில் வைத்தால் போதும், அதுவே வாய்க்குக் கொண்டுபோகும். பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் கக்கும். முதல் வாரம் எதுவும் தர வேண்டாம்.

7. சுருங்கினால் பயப்பட வேண்டுமா?

கழிவை வெளியேற்ற அவ்வப்போது சுருங்கி வாடிய கத்தரிக்காய்போல் தொங்கும். சில மணி நேரத்தில் மறுபடி விரிந்துவிடும். நாள் கணக்கில் சுருங்கியே இருந்து, வாய் பிளந்து, பாதம் எதையும் பிடிக்காமல் உருண்டால்தான் ஆபத்து. சந்தேகமாக இருந்தால் வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் மறுபடி உள்ளே விடாதீர்கள். உடனே கால்வாசித் தண்ணீரை மாற்றி, நச்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். மீதமுள்ள மீன்களை அதுதான் காப்பாற்றும்.

கோமாளி மீன் அதில் குடியேறவில்லையே என்றும் சிலர் கவலைப்படுகிறார்கள். வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் ஆசெல்லாரிஸ் கோமாளிக்குக் கடலில் பபிள் டிப் வழக்கமான வீடு இல்லை. என்னிடம் இப்போது இருக்கும் ஜோடி ஐந்து மாதம் என் புது அனிமோனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் விளக்கணைக்கும் நேரத்தில் இரண்டும் உள்ளே படுத்திருந்தன. அந்த அனிமோன் நான் தேடித்தேடிப் பார்த்து வைத்த இடுக்கில் இல்லை. பின்பக்கம், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு மூலையில் இருக்கிறது.