இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அறிவியல் தலைப்பு

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளில் ஒருவன் தொடக்கநிலை 3, அக்கா 5 என்றால் அறிவியலுக்குத் தனித்தனி அட்டவணை போடாதீர்கள், ஒரே பருவத்தில் இருவருக்கும் ஒரே கருப்பொருளை வையுங்கள். நம் சிங்கப்பூர்ப் பாடத்திட்டமே 3-4, 5-6 என்று இரண்டு கட்டமாகத்தான் இருக்கிறது, சுழற்சி, அமைப்பு, ஆற்றல் எல்லாம் இரண்டிலும் வரும். அதனால் சுழற்சி எடுக்கும் வாரங்களில் தம்பி வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை வரையட்டும், அக்கா நீர்ச் சுழற்சியைப் படிக்கட்டும். உங்களுக்கு நூலகத்துக்கு ஒரே நடை, தயாரிப்பும் ஒரே முறைதான். கணிதத்துக்கு இது வேண்டாம், அது படிப்படியாக ஏறும் பாடம். அப்புறம், அக்கா 6க்குப் போனதும் இதை நிறுத்திவிடுங்கள். வீட்டில் படித்தாலும் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும், அந்த வருடம் அவளுக்குத் திருப்புதல்தான் முக்கியம்.