ரூ: செம்பட்டை என்ற பொருளும் செய்யும் முறையும்

சாஸைக் கெட்டியாக்க, கொழுப்பில் மாவை வறுத்துச் செய்யும் கலவைதான் ரூ (roux). எழுத்தைப் பார்த்து 'ரௌக்ஸ்' என்று படித்துவிடாதீர்கள். பிரெஞ்சில் இந்தச் சொல்லின் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை, 'ரூ' என்றால் போதும். சிவப்போடிய பழுப்பு என்று பொருள். செம்பட்டை முடிக்காரரையும் பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். சிவப்பைக் குறிக்கும் 'ருஸ்ஸுஸ்' என்ற லத்தீன் சொல்தான் வேர். அடுப்படியில் இது 'பர் ரூ', அதாவது சிவந்த வெண்ணெய் என்று வழங்கியது. நாளடைவில் வெண்ணெய் உதிர்ந்து நிறம் மட்டும் பெயராக நின்றுவிட்டது. பன்றிக் கொழுப்பை உருக்கி, அதில் மாவை வறுத்துச் சாற்றைக் கெட்டியாக்கும் முறை 1651-ல் வெளிவந்த, பிரெஞ்சுச் சமையல்காரர் லா வரேனின் நூலிலேயே இருக்கிறது.

ஆக, நிறம் மாறாமல் வறுத்தெடுக்கும் 'வெள்ளை ரூ' என்பது வெள்ளைச் செம்பட்டை என்பது போல! ஆனாலும் கற்றுக்கொள்பவர் அதில் தொடங்குவதே நல்லது.

தேவை: உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம், பால் 500 மில்லி. எடைதான் சமம், கரண்டிக் கணக்கு அல்ல. வெண்ணெய் 2 மேசைக்கரண்டி என்றால் மைதா தலைதட்டி ஏறக்குறைய 4 வரும். இரண்டையும் இரண்டிரண்டாகப் போட்டால் எண்ணெய் மிதக்கும்.

1. அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்குங்கள். அலுமினியத்தில் கம்பி மத்தால் கிளறினால் சாஸ் சாம்பல் பூத்துவிடும்.

2. நுரை அடங்கட்டும். வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் வற்றுவதன் அடையாளம் அது. தண்ணீர் நிற்கும்போதே மாவைப் போட்டால் பசையாகிவிடும்.

3. மைதாவை ஒரே தடவையில் கொட்டி, 2 முதல் 3 நிமிடம் விடாமல் கிளறுங்கள். பச்சை மாவு வாடை போய், பிஸ்கட் சுடும் மணம் லேசாக வரும். நிறம் மாறக் கூடாது.

4. அடுப்பிலிருந்து இறக்கி, வெதுவெதுப்பான பாலில் கால் பங்கை ஊற்றி வழவழப்பாகும்வரை அடியுங்கள். பிறகு மீதியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கட்டி தட்டுவது பெரும்பாலும் இங்கேதான். கொதிக்கும் பாலை மொத்தமாக ஊற்றினால் மாவு உருண்டையின் வெளிப்புறம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாவு உலர்ந்தே கிடக்கும். கட்டி விழுந்தால் பயப்பட வேண்டாம், வடிகட்டிவிடலாம்.

5. மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே கொதி வரவிடுங்கள். கோதுமை மாச்சத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உப்பத் தொடங்கினாலும், கொதிநிலையை நெருங்கினால்தான் முழுக்கக் கெட்டியாகும். அதற்குமுன் 'நீர்த்திருக்கிறதே' என்று மாவை அள்ளிப் போடாதீர்கள். கொதித்தபின் சிறு தீயில் 10 நிமிடம். உப்பும் துளி ஜாதிக்காய்த் தூளும் சேர்த்தால் இதுதான் பெஷமெல் என்னும் வெள்ளை சாஸ்.

பெயருக்கேற்ற பழுப்பு ரூ வேண்டுமா? வெண்ணெய்க்குப் பதில் நெய் எடுங்கள். வெண்ணெயிலுள்ள பாலின் திடப்பொருள்கள் நேரமாக ஆகக் கருகும், நெய்யில் அந்தத் தொல்லை குறைவு. 3-ஆம் படியையே சிறு தீயில் 15 முதல் 20 நிமிடத்துக்கு நீட்டுங்கள். வறுக்க வறுக்க மாச்சத்து உடைவதால் மணம் கூடும், கெட்டியாக்கும் வலு குறையும். அதனால் அதே 500 மில்லிக்கு மாவும் நெய்யும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். எவ்வளவு பால் ஊற்றினாலும் அந்தக் கசப்பு போகாது.