4×5 நெகட்டிவில் இருந்து கலர் பிரின்ட்: நிறத்தைப் பிடிப்பது எப்படி

4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் (தனித்தாள் ஃபிலிம்) இருந்து 8×10 பிரின்ட் போட, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் 150 மி.மீ. லென்ஸ், கலர் ஹெட் (நிற ஃபில்டர்கள் உள்ள விளக்குப் பகுதி), கண்ணாடி வைத்த நெகட்டிவ் கேரியர் வேண்டும். கண்ணாடி இல்லாவிட்டால் விளக்குச் சூட்டில் ஷீட் பாதி எக்ஸ்போஷரிலேயே புடைத்துக்கொள்ளும். ஓரம் துல்லியமாக இருக்க, நடு மங்கிவிடும். ஷீட்டை நெட்டுவாக்கில் பிடித்து, ஓர வெட்டுக்குறி வலது மேல்மூலையில் இருந்தால் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) உங்களைப் பார்க்கிறது. கேரியரில் அந்தப் பக்கம் கீழே போக வேண்டும்.

கலர் பிரின்ட்டுக்கான ஆர்ஏ-4 பேப்பரை முழு இருட்டில்தான் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு வைத்திருக்கும் சிவப்பு விளக்கு இங்கே ஆகாது. லென்ஸ் திறப்பை எஃப்/8-ல் வைத்து, ஒரே பேப்பரில் பட்டை பட்டையாக 5, 7, 10, 14, 20 விநாடி என்று டெஸ்ட் ஸ்ட்ரிப் போடுங்கள். தொடக்கத்துக்கு கலர் ஹெட்டின் ஃபில்டர் அளவுகள் மஞ்சள் 50, மெஜந்தா 50, சியான் 0. மூன்றையும் சேர்த்துப் போட்டால் வெளிச்சம் வீணாகுமே தவிர நிறம் மாறாது.

பேப்பரை வெளிச்சம் புகாத டெவலப்பிங் டிரம்மில் போட்டு மூடியதும் விளக்கைப் போடலாம். எல்லாம் 35 டிகிரி செல்சியஸில்: வெந்நீர் 30 விநாடி, டெவலப்பர் 1 நிமிடம், 1% அசிட்டிக் அமில ஸ்டாப் 30 விநாடி, பிளிக்ஸ் (பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்த கரைசல்) 1 நிமிடம், ஓடும் நீரில் 2 நிமிடம். ஸ்டாப்பைத் தவிர்த்தால் டெவலப்பர் பிளிக்ஸோடு கலந்து வெள்ளை ஓரத்தில் இளஞ்சிவப்புக் கறை படியும். அதைவிட மோசம், பிளிக்ஸ் சொட்டு டெவலப்பருக்குள் போவது. சில துளிகளே போதும், மொத்தக் கரைசலும் பாழ். ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் பிறகு டிரம்மை, மூடியின் இடுக்கு உட்பட, கழுவித் துடையுங்கள்.

ஈரத்தில் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஈரமான பிரின்ட்டின் மேல் நீலப் பால் படிந்தது போல இருக்கும். அதை நம்பி மஞ்சள் ஃபில்டரைக் குறைத்தால், காய்ந்த பிறகு பிரின்ட் மஞ்சளடித்துக் கிடக்கும். ஹேர் டிரையரில் காயவைத்து, முதலில் அடர்த்தியைச் சரிசெய்யுங்கள். வெளிறிய பிரின்ட்டில் நிறத்தை எடைபோட முடியாது. பிறகு சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய ஒன்றை, ஒரு சிமென்ட் சுவரை, பாருங்கள். வானத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ அதே ஃபில்டரைக் கூட்டுவதுதான் நெகட்டிவ் பிரின்டிங்கின் கணக்கு. மஞ்சளடித்தால் மஞ்சள், மெஜந்தா அடித்தால் மெஜந்தா. சிவந்தால் இரண்டும். பச்சையென்றால் மெஜந்தாவைக் குறை, நீலமென்றால் மஞ்சளைக் குறை, சியான் அடித்தால் இரண்டையும் குறை. மிகுதி கண்ணுக்கு லேசாகப் பட்டால் ஃபில்டரை 5 மாற்றுங்கள், தெளிவாகத் தெரிந்தால் 10, பளிச்சென்று அடித்தால் 20. மெஜந்தாவை மாற்றினால் அடர்த்தியும் நகரும்; கூட்டும்போது நேரத்தையும் சற்றே கூட்டுங்கள். மஞ்சளில் அந்தத் தொல்லை குறைவு.

எதையும் தொடாமலே பிரின்ட்டுக்குப் பிரின்ட் நிறம் மாறினால் முதலில் மின்னழுத்தத்தைச் சந்தேகியுங்கள். ஸ்டெபிலைசர் இல்லாத விளக்கில் அழுத்தம் இறங்கினால் வெளிச்சம் சிவந்துவிடும். அது சரியாக இருந்தால் டெவலப்பரின் வெப்பநிலை. ஒவ்வொரு பேப்பருக்கும் புதிய டெவலப்பர் ஊற்றுபவர்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான்.