எந்த டேக்வாண்டோ என்று கேட்காமல் சேர்ந்துவிடும் தவறு

ஐந்து வருடம் ஒரே வகுப்பில் பயின்றவன் நான். வேலை மாறி வேறு ஊருக்குப் போனதும், வீட்டுக்குப் பக்கத்தில் 'டேக்வாண்டோ' என்று பலகை தொங்கிய இடத்தில் சேர்ந்துகொண்டேன். பெல்ட் நிறங்கள் அதேதான், எண்ணுவதும் அதே கொரிய மொழியில்தான். முதல் வாரமே ஸ்பாரிங், அதாவது இருவர் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சி. எதிரே நின்ற பையன் இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தான். முகத்தை இப்படித் திறந்து வைத்திருக்கிறானே என்று நேராக ஒரு பஞ்ச் விட்டேன். மாஸ்டர் ஓடிவந்து நிறுத்தினார். அங்கே முகத்தில் கையால் குத்துவது குற்றம். நான் கற்ற இடத்தில் அதற்கு ஒரு புள்ளி கிடைக்கும்.

அந்த வகுப்பில் எந்தக் குறையும் இல்லை. சேருவதற்கு முன் 'இது எந்த டேக்வாண்டோ?' என்று நான்தான் கேட்கவில்லை. பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் பலரும் ஃபீஸ், நேரம், தூரம் மூன்றையும் விசாரிக்கிறார்கள். இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். கொரியாவில் 1940களிலும் 50களிலும் 'குவான்' எனப்படும் தனித்தனிப் பயிற்சிக்கூடங்கள்தான் இருந்தன. சுங் டோ குவான், மூ டுக் குவான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பாணி. 1955இல்தான் 'டேக்வாண்டோ' என்ற பெயர் வந்தது. அதை முன்வைத்த ராணுவ ஜெனரல் சோய் ஹோங் ஹி 1966இல் சியோலில் ஐடிஎஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார். தென்கொரிய அரசோடு உரசல் வந்து 1972இல் அவர் கனடாவுக்குப் போய்விட்டார், அமைப்பும் அவரோடு போனது. அதே 1972இல் சியோலில் குக்கிவான் என்ற தலைமைப் பயிற்சி மையம் திறந்தது. மறு வருடமே டபிள்யூடிஎஃப் என்ற உலகக் கூட்டமைப்பு பிறந்தது. 2017இல் அதன் பெயரை 'வேர்ல்ட் டேக்வாண்டோ' என்று சுருக்கிக்கொண்டார்கள். டபிள்யூடிஎஃப் என்ற பழைய மூன்றெழுத்துக்கு ஆங்கில இணையப் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தை அர்த்தம் இருப்பது தெரிந்தவர்களுக்கு, ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக ஒரே பெயரில் இரண்டு பெரிய குடும்பங்கள். சரி, இரண்டுதானே என்று நினைத்தால் அது அடுத்த தவறு. 2002இல் சோய் இறந்த சமயத்தில் ஐடிஎஃப் உடைந்து, அதே பெயரில் குறைந்தது மூன்று அமைப்புகள் ஆனது. ஒன்றுக்கு வடகொரியாவைச் சேர்ந்த சாங் உங் தலைவரானார், இன்னொன்றை சோயின் மகன் நடத்தினார். அதனால் 'நாங்கள் ஐடிஎஃப்' என்று மாஸ்டர் சொன்னால், எந்த ஐடிஎஃப் என்று ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒன்றில் வாங்கிய டான் (பிளாக் பெல்ட் நிலை) இன்னொன்றில் அப்படியே செல்லும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது தவிர எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல், பழைய குவான் வழியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பள்ளிகளும் உண்டு. அமெரிக்காவுக்குக் குடிபெயர்பவர்கள் ஏடிஏ என்ற பலகையையும் பார்ப்பார்கள். அது தனக்கென்று சொந்தப் பேட்டர்ன்கள் (தனியாக வரிசைப்படி செய்யும் அசைவுத் தொகுப்புகள்) வைத்திருக்கும் தனிக் குடும்பம்.

இந்த விஷயத்தில் நான் அதிகம் கேட்கும் பிழை ஒன்று உண்டு: 'என் பையனுக்கு வேர்ல்ட் டேக்வாண்டோ பிளாக் பெல்ட்.' வேர்ல்ட் டேக்வாண்டோ விளையாட்டை நடத்தும் அமைப்பு. போட்டி விதி, தரவரிசை, ஒலிம்பிக் எல்லாம் அதன் வேலை. அந்தக் குடும்பத்தில் டான் சான்றிதழ் தருவது குக்கிவான். இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். பதினைந்து வயது ஆகாத பிள்ளைக்குக் குக்கிவான் 'டான்' என்று தராது, 'பூம்' என்றுதான் தரும். பெல்ட்டும் பாதி சிவப்பு பாதி கறுப்பாக இருக்கும். 'முழுக் கறுப்பு தராமல் ஏமாற்றிவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போன ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். பாவம், மாஸ்டர் சரியாகத்தான் செய்திருந்தார்.

கலர் பெல்ட் விஷயம் வேறு. மஞ்சள், பச்சை, நீலத்துக்கு வரும் சான்றிதழ் பெரும்பாலும் அந்தப் பள்ளியோ உள்ளூர்ச் சங்கமோ அச்சடித்துத் தருவது. அதில் கொரிய முத்திரை மாதிரி ஒன்று இருப்பதாலேயே சியோலில் பதிவாகிவிட்டது என்று ஆகாது. பிளாக் பெல்ட் சான்றிதழில் அப்படி ஏமாற வேண்டியதில்லை. குக்கிவான் சான்றிதழுக்கு எண் உண்டு, அதை அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பிள்ளை அந்த நிலைக்கு வரும்வரை காத்திருக்காமல் மாஸ்டருடைய சான்றிதழை முதலிலேயே கேட்டுப் பாருங்கள். ஒழுங்கான மாஸ்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், சுவரிலேயே மாட்டியிருப்பார்.

அடுத்து பேட்டர்ன். ஐடிஎஃப் பக்கம் இதற்கு 'துல்' என்று பெயர், மொத்தம் இருபத்துநான்கு. ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தைக் குறிக்கும் எண் அது. பல துல்களுக்குக் கொரிய வரலாற்று மனிதர்களின் பெயர். ஜூங் குன் என்ற துல்லில் 32 அசைவுகள். ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டுக்கொன்ற ஆன் ஜுங் குன் 1910இல் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு அந்த வயது என்பார்கள். குக்கிவான் பக்கம் இதற்கு 'பூம்சே' என்று பெயர். கலர் பெல்ட்டுக்கு எட்டு தேகுக், பிளாக் பெல்ட்டுக்குக் கோரியோ, கும்காங் என்று மேலே போகும். தேகுக் எட்டும் பழைய சீனத் தத்துவத்தின் எட்டுக் குறிகளை ஒட்டியவை. அவற்றில் நான்கு தென்கொரியக் கொடியிலேயே இருக்கின்றன.

பள்ளி மாறுபவர்கள் இங்கே இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஐடிஎஃப்காரர் தேகுக்கின் முதல் பேட்டர்னைப் பார்த்துவிட்டு, 'என்ன இது, சும்மா நடந்துபோகிறார்கள்' என்று சிரிப்பார். குக்கிவான்காரர் துல்லில் உடம்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, 'ஏன் ஒவ்வொரு அடிக்கும் குதிக்கிறார்கள்?' என்பார். அந்த ஏற்றஇறக்கத்துக்கு 'சைன் வேவ்' என்று பெயர். உடம்பின் எடையை விடும் அடிக்குள் இறக்கத்தான் அது என்று சோய் பிற்காலத்தில் வலியுறுத்தினார். அந்தக் காரணம் எனக்கு இன்றும் முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் அதைத் தவறாகச் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், அவர்கள் இலக்கணம் அது.

இன்னொன்று வார்த்தையில் இருக்கும் கண்ணி. 'வாக்கிங் ஸ்டான்ஸ்' என்று இரண்டு இடத்திலும் சொல்வார்கள். குக்கிவான் வகுப்பில் அது நடக்கும்போது விழும் ஓர் அடி தூரம்தான், முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும். ஐடிஎஃப் வகுப்பில் அதே பெயருக்கு ஒன்றரைத் தோள் அகல நீளம், முன்கால் நன்றாக மடங்கும். புது வகுப்பில் மாஸ்டர் 'வாக்கிங் ஸ்டான்ஸ்' என்றதும் நான் நீளமாக வைத்தேன். 'அது லாங் ஸ்டான்ஸ், காலைச் சுருக்கு' என்று மூன்று மாதம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதனால் பெல்ட்டைக் காட்டி 'எனக்கு இதெல்லாம் தெரியும்' என்று ஆரம்பிக்காதீர்கள். பழைய பேட்டர்னை வீட்டில் தனியாகச் செய்யலாம். புது வகுப்பில் வெள்ளை பெல்ட் மாணவன் மாதிரி காதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது நல்லது.

இனி ஸ்பாரிங். வேர்ல்ட் டேக்வாண்டோ விதியில் நெஞ்சுக் கவசமும் ஹெட் கார்டும் கட்டாயம். கவசத்திலும் கால் உறையிலும் மின்னணு உணரிகள் உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் இருந்த கணக்கு இது: உடம்பில் பஞ்ச் 1, உடம்பில் கிக் 2, தலையில் கிக் 3, சுழன்று அடித்தால் கூடுதலாக 2. முகத்தில் பஞ்ச் கிடையாது என்பதால் கையை உயர்த்தி வைக்க வேண்டிய அவசியம் குறைகிறது. ஆகவே கை இறங்குகிறது. உணரியில் முதலில் தொடுபவருக்குத்தான் லாபம் என்பதால் முன்கால் எப்போதும் தூக்கிய நிலையிலேயே தடுத்துக்கொண்டும் துழாவிக்கொண்டும் இருக்கிறது. பார்ப்பவர்கள் 'கால் வாள்சண்டை' என்று கிண்டல் செய்வது இதைத்தான்.

ஐடிஎஃப் பக்கம் நெஞ்சுக் கவசம் இல்லை. கையுறை, கால் உறை உண்டு. முகத்தில் பஞ்ச் செல்லும் என்பதால் கை மேலேயே நிற்கும். அடியைக் கட்டுப்படுத்தித்தான் விட வேண்டும். இங்கேதான் இரண்டு குடும்பமும் தலைகீழாக நிற்கின்றன. விதிப்படி விட்ட கிக்கில் எதிராளி மயங்கி விழுந்தால் வேர்ல்ட் டேக்வாண்டோவில் அது வெற்றி. ஐடிஎஃப்பில் அதே கிக்குக்குத் தகுதிநீக்கம் வரலாம். ஐடிஎஃப் லைட் கான்டாக்ட், அதனால் வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெல்லிய கையுறையில் மூக்கின்மேல் ஒன்று வாங்கிப் பார்த்தால் தெரியும். அதே மாதிரி, வேர்ல்ட் டேக்வாண்டோவில் கையே வராது, தெருச்சண்டைக்கு உதவாது என்று ஒதுக்குகிறவர்கள், அந்தக் கிக் வரும் வேகத்தை எதிரில் நின்று பார்த்ததில்லை.

ஒலிம்பிக் ஆசை இருந்தால் இதில் மழுப்பவே வேண்டாம். 1988இல் சியோலிலும் 1992இல் பார்சிலோனாவிலும் காட்சிப் போட்டியாக இருந்து, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது வேர்ல்ட் டேக்வாண்டோ விதியிலான ஸ்பாரிங். ஐடிஎஃப் பள்ளியில் பத்து வருடம் உழைத்தாலும் அந்த வாசலுக்கு அந்த வழி போகாது. ஐடிஎஃப்புக்கென்று தனி உலகச் சாம்பியன்ஷிப்புகள் உண்டு, அவை வேறு மேடை. வேர்ல்ட் டேக்வாண்டோ பள்ளியாக இருந்தாலும், அது அங்கீகாரம் பெற்ற தேசிய சங்கத்தின் கீழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சங்கங்களுக்குள் சண்டை வந்து அங்கீகாரம் கைமாறுவது நம் ஊர் விளையாட்டு உலகத்துக்குப் புதிதில்லையே.

அப்புறம், டோபாக் எனப்படும் சீருடையை முந்திக்கொண்டு வாங்காதீர்கள். வேர்ல்ட் டேக்வாண்டோ சீருடை தலை வழியாகப் போடும் 'வி' கழுத்து வகை. ஐடிஎஃப் சட்டை முன்பக்கம் திறக்கும், முதுகில் மரம் போல எழுத்து இருக்கும். கடைக்காரரிடம் 'டேக்வாண்டோ டிரஸ்' என்று கேட்டால் கையில் இருப்பதைத் தருவார். நான் முன்பு வைத்திருந்த மரம் போட்ட சட்டை இரண்டு இன்னும் அலமாரியில் இருக்கின்றன. புது வகுப்பில் ஒருநாள் மறந்து போட்டுக்கொண்டு போனதற்கு மாஸ்டர் திட்டவில்லை. திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில் இருந்ததைப் பிள்ளைகளிடம் காட்டி, அது என்ன என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தார்.