பழைய நாற்காலி மேசையை வாங்குமுன் சோதிப்பது எப்படி?

17, 18ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் சிறிய வீடுகளில் இடத்தை மிச்சப்படுத்தியது நாற்காலி மேசை. மேற்பலகையை நிமிர்த்தினால் முதுகு சாயும் இருக்கை, சாய்த்தால் உணவு மேசை. சிலவற்றில் இருக்கைக்கு அடியில் பெட்டியும் உண்டு. பழைய அடிச்சட்டத்தில் வேறொரு பலகையைப் பொருத்தி விற்பவர்கள் இருப்பதால், டார்ச், அளவு நாடா இரண்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

முதலில் பலகையை நிமிர்த்தி, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வளைந்த ரம்பத் தடங்கள் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. அமெரிக்காவில் அது பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். சாதாரண மேசையின் அடிப்பக்கம் கரடுமுரடாக இருப்பது இயல்பு. இதிலோ அதுவே முதுகு சாயும் பக்கம் என்பதால், தோள் படும் உயரத்தில் மரம் வழவழப்பாகியிருக்க வேண்டும்.

அடுத்தது அளவெடுப்பு, புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். மரம் ரேகையின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் நன்றாகவே சுருங்கும். ஆகவே வட்டப் பலகையை இரு திசையிலும் அளந்தால், குறுக்களவு சற்றுக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் பலகைகளைத் தனித்தனியே குறுக்குச்சட்டத்தில் ஆணியடித்திருந்தால், மொத்த அளவு அதிகம் குறையாமல் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளிகளைக் கழித்துவிட்டே ஒப்பிடுங்கள். இரண்டும் இல்லாமல் அச்சில் வார்த்ததுபோல் வட்டமாக இருந்தால், நான் விலை பேச மாட்டேன்.

பிறகு, பலகையைக் கைப்பிடிகளோடு பிணைக்கும் மர முளைகளை மெல்லத் தட்டிக் கழற்றுங்கள். பலகை திரும்பித் திரும்பித் தேய்ந்த துளை நீள்வட்டமாகியிருக்கும். பக்கத்தில் அடைக்கப்பட்ட வேறு துளைகள் இருந்தால், பலகை வேறு எதிலிருந்தோ வந்திருக்கலாம்.

வாங்கிய பின் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். தேய்த்தால் அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகும். மென்மையான துணியும் கொஞ்சம் தேன்மெழுகுப் பசையும் போதும். பளபளக்கும் வார்னிஷ் எனக்கு அறவே பிடிக்காது.

பின்சேர்க்கை: சதுரப் பலகையை எப்படிச் சோதிப்பது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஓரத்தில் குறுக்காகப் பொருத்திய சட்டத்தைப் பாருங்கள். பலகைகள் சுருங்கியும் சட்டத்தின் நீளம் குறையாததால், அதன் நுனி பலகையின் விளிம்பைத் தாண்டிச் சிறிது துருத்தி நிற்கும்.