இரண்டு பூங்காக்களின் கரடி அடைப்புகளை எடை போடுவது எப்படி?

அறிவிப்புப் பலகையில் 'இத்தனை சதுர மீட்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அதை நான் கடைசியில்தான் படிப்பேன். பரப்பளவு தேவையில்லை என்பதல்ல. 2003-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வின்படி, பூங்காக்களில் பனிக்கரடிக்குக் கிடைக்கும் இடம், இயற்கையில் அது சுற்றித் திரியும் குறைந்தபட்சப் பரப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த லட்சணத்தில் ஒரு பூங்கா இன்னொன்றைவிட இரண்டு மடங்கு பெரிது என்பதை மட்டும் வைத்து என்ன தீர்ப்புச் சொல்வது? அங்கே கரடிக்குச் செய்ய என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே இனத்தோடு ஒரே இனத்தை ஒப்பிடுங்கள். உலகில் கரடி இனங்கள் எட்டு. தேவைகள் வேறு வேறு. சூரியக் கரடி மரமேறி. ஏற மரமில்லாத புல்வெளி எவ்வளவு விரிந்து கிடந்தாலும் அதற்கு வீண். போர்னியோவில் செபிலோக் மையத்தில் மின்வேலிக்குள் உண்மையான காட்டையே அதற்கு விட்டிருக்கிறார்கள். பனிக்கரடி என்றால் நன்றாக நீந்தும் ஆழம், குளிர்ச்சி. சிங்கப்பூர் விலங்குப் பூங்காவில் பிறந்து வளர்ந்த இனுக்கா என்ற பனிக்கரடி 2018-ல் இறந்த பிறகு, அந்தப் பூங்கா வேறு பனிக்கரடியை வைத்துக்கொள்ளவில்லை. சரியான முடிவு.

தேன்கரடிக்கு முதலில் மண் வேண்டும். கறையானும் எறும்பும்தான் அதன் முக்கிய உணவு. மேல்வரிசையில் நடு இரண்டு பற்கள் கிடையாது. அந்த இடைவெளி வழியாக, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய்போல் நீட்டி உறிஞ்சும். புர்ர்ரென்று அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். நல்ல பூங்காவில் துளையிட்ட மரக்கட்டைக்குள் தேன் தடவி வைப்பார்கள், செயற்கைப் புற்றுகூடக் கட்டிவைப்பார்கள். தரை முழுக்க சிமென்ட், ஓரமாக ஒரு தட்டில் பழம் என்றால் கரடியின் சாப்பாட்டு வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நாள்? அந்த மீதி நாளைத்தான் நீங்கள் அளக்கப் போகிறீர்கள்.

ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு குறைந்தது ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருங்கள். கூட வந்தவர்கள் முணுமுணுப்பார்கள், குரங்குப் பக்கம் அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரடி என்ன செய்கிறது என்று ஒரே சொல்லில் குறியுங்கள்: தூக்கம், தோண்டல், ஏறல், மோப்பம், நடை. அடுத்த பூங்காவிலும் அதே பருவத்தில் அதே நேரத்தில் பாருங்கள். மதிய வெயிலில் ஒன்றையும் காலைக் குளிரில் இன்னொன்றையும் பார்த்து ஒப்பிடுவதில் பயனில்லை. பழுப்புக் கரடி குளிர்காலத்தில் உறங்கப் போயிருக்கவும் கூடும்.

'நடை' என்று எழுதும்போது கொஞ்சம் கவனம். போன வழியிலேயே திரும்பத் திரும்ப, அதே இடத்தில் தலையை ஆட்டித் திரும்பி, அதே தடத்தில் கால் வைத்தால் அது உலாவல் இல்லை, மன அழுத்தத்தின் அடையாளம். கரடி உள்ளே போயிருந்தால்கூடத் தரையைப் பாருங்கள்: வேலியோரம் புல் செத்து ஒரு கோடு விழுந்திருக்கும். ஆனால் அதை வைத்து உடனே பூங்காவைத் திட்டிவிடாதீர்கள். ஆக்ராவில் இருப்பதுபோன்ற மீட்பு மையங்களில் தெருவில் ஆட்டுவிக்கப்பட்ட கரடிகள் இருக்கின்றன. பழைய கூண்டின் பழக்கம் நல்ல இடத்துக்கு வந்த பிறகும் லேசில் விடாது. கரடியின் கதையை விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

நீங்கள் நிற்கும் இடத்தையும் குறியுங்கள். ஹாம்பர்கில் பூங்கா நடத்திய ஹாகன்பெக் 1907-ல் கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டியது பார்ப்பவர் கண்ணுக்கு அழகு. அகழி கரடிக்கு எதையும் கூட்டித் தருவதில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்னில் மக்கள் மேலிருந்து எட்டிப் பார்த்த பழைய குழி போய், 2009-ல் ஆரே ஆற்றங்கரைச் சரிவில் சுமார் 6,000 சதுர மீட்டரில் பூங்கா வந்தது. எல்லாப் பக்கமும் கூட்டம் சூழ்ந்தால் கரடிக்கு ஒளிய வழியில்லை. கரடியைக் காணாமல் அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் அந்தப் பூங்காவுக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன்!

அப்புறம், காப்பாளர் யாராவது கண்ணில் பட்டால் ஒரே ஒரு கேள்வி: பூங்கா மூடிய பிறகு கரடி எங்கே இருக்கும்? பல இடங்களில் மாலை தொடங்கிக் காலை வரை பின்பக்க அறைக்குள் அடைத்துவிடுவார்கள். வெளியே போகக் கதவு திறந்திருக்குமா என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.