எழுதப் படிக்கத் தெரியாத லத்தீனோ முதியவர்களின் சர்க்கரை நோய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் லத்தீனோ என்பார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கும் வீட்டாருக்கும்தான் இந்தக் குறிப்புகள். அமெரிக்க மருந்துக்கடைகளில் மாத்திரை டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' (once) என்று அச்சடித்து ஒட்டுவார்கள். ஒரு நாளில் ஒரு தடவை என்று பொருள். அதே நான்கு எழுத்தை ஸ்பானிஷ் தெரிந்தவர் 'ஓன்சே' என்று படிப்பார். அவர் மொழியில் அது 11. சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு, மெக்சிகோவிலிருந்து வந்து, கலிஃபோர்னியா வயல்களில் காய் பறித்தே 70 வயதைத் தொட்ட ஒருவர் எழுத்துக்கூட்டிப் பார்த்தால் '11' என்றுதான் வரும். அவர் படித்ததில் பிழையே இல்லை. பிழை அந்த லேபிளில் இருக்கிறது. ஸ்பானிஷ் லேபிளைக் கேட்டு வாங்குங்கள். அதையும் படிக்க முடியாதவருக்கு டப்பா மேல் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா வரைந்து, பக்கத்தில் எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வைத்துக் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, எல்லாம் சொல்லி முடித்துவிட்டு "புரிந்ததா?" என்று கேட்பது. "சீ, டாக்டர்" என்று தலையாட்டுவார்கள். ஸ்பானிஷில் 'சீ' என்றால் 'ஆமாம்'. பெரியவர்களை, படித்தவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள். படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சம் வேறு. சான்ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் மருத்துவர்களின் பேச்சைப் பதிவு செய்து 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதம்தான் நோயாளிக்குப் புரிந்ததா என்று சரிபார்க்கப்பட்டிருந்தது. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "வீட்டுக்குப் போனதும் டாக்டர் என்ன சொன்னார் என்று உங்கள் மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

இன்சுலின் என்றால் சொல்லச் சொன்னாலும் போதாது, செய்து காட்டச் சொல்ல வேண்டும். இன்சுலின் ஊசி போடும் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள். ஊசியின் பெரிய மூடியைக் கழற்றுவார். உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு மூடியை விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படியே வயிற்றில் வைத்து அழுத்தினால் மருந்து ஒரு சொட்டுகூட உடம்புக்குள் போகாது. சிலர் அழுத்திய மறுநொடி ஊசியை உருவிவிடுவார்கள். 10 வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். இது தெரியாமல் "சர்க்கரை குறையவில்லையே" என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் ஆபத்து இருக்கிறது. ஒருநாள் அந்த மூடி கழன்றால் கூட்டிய அளவு முழுவதும் உள்ளே போய்விடும்.

"ஊசி போட்டால் கண் போய்விடும்" என்பது இந்த மக்களிடையே ஆழமாக வேரூன்றிய பயம். தயவுசெய்து சிரித்து ஒதுக்காதீர்கள். ஊசி ஆரம்பித்த கொஞ்ச நாளில் பார்வை இழந்த அத்தையையோ மாமாவையோ அவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். வருடக்கணக்கில் ஏறிக்கிடந்த சர்க்கரை விழித்திரையைக் கெடுத்த பிறகுதான் அந்த ஊசியே வந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதே சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனையில் 408 நோயாளிகளை வைத்து 2002-இல் வெளியான ஆய்வு இது: மருத்துவத் தாள்களைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்களில் 36 சதவீதத்தினருக்கு விழித்திரைப் பாதிப்பு, நன்றாகப் புரிந்துகொள்பவர்களில் 19 சதவீதம். திடீர் அதிர்ச்சியால் (அவர்கள் மொழியில் 'சுஸ்தோ') இந்த நோய் வந்தது என்றும் சிலர் சொல்வார்கள். அந்தக் கதையை முழுதாகக் கேளுங்கள். கேட்ட பிறகு நீங்கள் சொல்வதை அவர்களும் கேட்பார்கள்.

பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாத்தா சிறுநீர்த் தொல்லையைச் சொல்வாரா? அவசரம் தவிர மற்ற நேரங்களில் மொழிபெயர்ப்புக்குக் குழந்தைகளை நம்பக் கூடாது என்று அமெரிக்காவின் 2010 சுகாதாரச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. அரசு நிதி பெறும் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம்.

சாப்பாட்டில், "டோர்ட்டியாவை நிறுத்துங்கள்" (அவர்கள் அன்றாடம் சாப்பிடும் ரொட்டி) என்பது நம்மிடம் சோற்றை நிறுத்தச் சொல்வது மாதிரி. நடக்காது. ஆறு அங்குல அகலச் சோள டோர்ட்டியா ஒன்றில் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து; வேளைக்கு ஐந்தாறு என்பதை இரண்டாக்கி, தட்டில் பாதியை நோபால் என்ற, சமைத்துச் சாப்பிடும் கள்ளிக்கும் காய்களுக்கும் விட்டால் போதும். சோடாவையும் பழச்சாறையும்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு சின்ன டப்பா ஜூஸ் இருக்கட்டும். கிளைபுரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டால் வயதானவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கி வியர்த்தால் அந்த ஜூஸில் அரை டம்ளர் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைத் திரும்பப் பார்க்க வேண்டும். பல நோய்களோடு இருக்கும் முதியவருக்கு ஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7-க்குக் கீழே வந்தே தீர வேண்டும் என்று விரட்டுவதும் தவறு. பலருக்கு 8-க்குக் கீழே இருந்தாலே போதும்.

மருந்தைப் பாதியாக்கிப் போடுகிறார் என்றால் திட்டாமல் காசைப் பற்றிக் கேளுங்கள். மெடிகேரில் (முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) இருப்பவருக்கு, அந்தக் காப்பீட்டில் சேர்ந்த ஒவ்வொரு வகை இன்சுலினும் 2023 முதல் மாதம் 35 டாலருக்கு மேல் ஆகாது. மெடிகேரே கிடைக்காத, குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சமூக சுகாதார மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கடைசியாக, பாதம். ஷூவைக் கழற்றச் சொல்லாமல் அனுப்பிவிடாதீர்கள். குனிய முடியாதவருக்கு ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, புண் இருக்கிறதா என்று பார்க்கப் பழக்கிவிடுங்கள். இதற்கு ஓர் எழுத்துகூடப் படிக்க வேண்டியதில்லை.